இறக்கையில் ஏறிய ஃபிட்டர்

1945 நவம்பர் 13. பக்கிங்ஹாம் அரண்மனை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் கையால் விக்டோரியா கிராஸ் வீரப்பதக்கம் வாங்க இரண்டு விமானப்படைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் குரூப் கேப்டன் லெனார்டு செஷயர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். நூறு முறை குண்டுவீச்சுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். நாகசாகி மீது அணுகுண்டு விழுந்ததை வானத்திலிருந்தே பார்த்த பிரிட்டிஷ் சாட்சி. போருக்குப் பிறகு அவர் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய இல்லங்கள் உலகமெங்கும் பரவின. நம் கோயம்புத்தூரில் இருக்கும் செஷயர் ஹோம்ஸும் அந்தப் பெயரைத் தாங்கியதுதான்.

இன்னொருவர் வாரண்ட் ஆபீசர் நார்மன் சிரில் ஜாக்சன். வயது 26. தொழில், ஃபிட்டர். கைகள் இரண்டும் தீயில் வெந்து, இன்னும் சரியாக மடங்காத நிலையில் வந்திருந்தார்.

பதவி வரிசைப்படி செஷயர்தான் முதலில் போகவேண்டும். அவரோ ஜாக்சனைத் தனியே நிற்கவிடாமல் தன்னோடு சேர்த்து அழைத்துக்கொண்டு மன்னர் முன்னால் போனார். என்னைவிடப் பெரிய ஆபத்தில் தலையைக் கொடுத்தவர் இவர், இவருக்கே முதலில் கொடுங்கள் என்று மன்னரிடமே சொல்லியும் விட்டார். அரண்மனை முறையை மன்னரால் மாற்ற முடியவில்லை. பதக்கம் செஷயருக்குத்தான் முதலில் போனது. ஆனால் ஜாக்சன் கடைசிவரை மறக்காமல் சொல்லிவந்தது அந்த வார்த்தையைத்தான்.

அரண்மனையிலிருந்து வெளியே வந்த இரண்டு பேரில் செஷயரின் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. ஜாக்சன் பிழைப்பைத் தேடிப் போனார். விஸ்கி கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் எடுக்கும் விற்பனையாளர் ஆனார். ஏழு பிள்ளைகளை வளர்த்தார். அந்த வாழ்க்கையைத்தான் இந்தக் கட்டுரை பேசப்போகிறது. அதற்கு முன் அந்த ஓர் இரவைச் சொல்லியாக வேண்டும்.

பட்டறையில் பழகிய கை

ஜாக்சன் பிறந்தது 1919 ஏப்ரல் 8, லண்டனை ஒட்டிய ஈலிங்கில். பிறந்த சில நாள்களிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை. வளர்த்தவர்கள் குன்ட்டர் என்ற குடும்பத்தார். ட்விக்கன்ஹாமில் பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஃபிட்டர், டர்னர் வேலை கற்றுக்கொண்டார். நம் ஊரில் ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களுக்குச் சொல்லித் தெரியவேண்டாம்: அரத்தால் ராவுவது, லேத்தில் கடைவது, நூலிழை அளவு பிசகினாலும் பாகம் உட்காராது என்ற நினைப்போடு எந்நேரமும் வேலை செய்வது.

போர்க்காலத்தில் இந்தத் தொழிலுக்குத் தனி மதிப்பு. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும் என்பதால் ஃபிட்டர், டர்னர்களைப் பட்டாளத்துக்கு இழுக்காமல் விலக்கி வைத்திருந்தது பிரிட்டிஷ் அரசு. ஜாக்சன் நினைத்திருந்தால் போர் முடியும்வரை ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருந்திருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். 1939 அக்டோபரில், போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், தானாகப் போய் ராயல் ஏர் ஃபோர்ஸில் சேர்ந்தார்.

அங்கேயும் இன்ஜின் ஃபிட்டர் வேலைதான். 1941 தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனுக்கு அனுப்பினார்கள். தண்ணீரில் இறங்கும் சண்டர்லாண்ட் விமானங்கள் அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் போகும். அவை திரும்பி வந்ததும் இன்ஜினைப் பிரித்து, துடைத்து, பூட்டி, மறுபடி பறக்கவைக்கவேண்டும். சுடுவதும் குண்டு போடுவதும் வேறு ஆட்களின் வேலை. இவர் தரையில் நிற்கும் தொழிலாளி.

அவரைத் தரையிலிருந்து தூக்கி வானத்துக்குக் கொண்டுபோனது புதிய விமானங்கள்தான். ஸ்டர்லிங், ஹாலிஃபாக்ஸ், லங்காஸ்டர் என்று நான்கு இன்ஜின் வைத்த குண்டுவீச்சு விமானங்கள் வந்தபோது, ஒரு பைலட்டால் ஓட்டவும் முடியாது, நான்கு இன்ஜினையும் கவனிக்கவும் முடியாது என்ற நிலை வந்தது. பக்கத்தில் இன்னொரு பைலட்டை உட்காரவைத்தால், பயிற்சி கொடுத்த அத்தனை பைலட்டுகளும் இரண்டு மடங்கு வேகத்தில் தீர்ந்துபோவார்கள். அதனால் 1942-ல் இரண்டாவது பைலட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்ளைட் இன்ஜினீயர் என்று ஒருவரை உட்காரவைத்தார்கள். இதற்குத் தொடக்கத்தில் பெருவாரியாக எடுத்தது தரையில் வேலை பார்த்த இன்ஜின் ஃபிட்டர்களைத்தான். ஜாக்சன் விண்ணப்பித்தார். 1942 செப்டம்பரில் பயிற்சிக்காக இங்கிலாந்து திரும்பினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அல்மாவைத் திருமணம் செய்துகொண்டார்.

லங்காஸ்டரில் ஃப்ளைட் இன்ஜினீயருக்கு ஒழுங்கான நாற்காலிகூட இல்லை. பைலட்டுக்கு வலப்பக்கம் மடக்கிவைக்கிற பலகை இருக்கை. வலப்பக்கச் சுவரில் அவருடைய மீட்டர்கள்: எண்ணெய் அழுத்தம், கூலன்ட் சூடு, டேங்குகளில் பெட்ரோல் அளவு. இறக்கைக்கு மூன்றாக ஆறு டேங்க். எந்த டேங்கிலிருந்து எந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிறது, எப்போது மாற்றவேண்டும், எதிர்க்காற்று அடித்தால் வீடு திரும்பப் பெட்ரோல் பற்றுமா என்பதையெல்லாம் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். விமானம் மேலெழும்போது பைலட்டின் கைக்குப் பின்னால் தன் கையை வைத்து த்ராட்டிலைத் தள்ளிப்பிடிப்பவரும் இவரே. பைலட் அடிபட்டால் விமானத்தை ஏதோ ஒருவகையில் ஓட்டி வரவேண்டியவரும் பெரும்பாலும் இவரே. துப்பாக்கி கிடையாது. குண்டு போடும் பொத்தானும் அவரிடம் இல்லை. இன்ஜினும் டேங்கும் விமானத்தின் உடம்பும்தான் அவர் பொறுப்பு.

முப்பது முடிந்தது, முப்பத்தொன்று

1943 ஜூலையில் ஜாக்சன் 106-வது ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அந்த ஸ்குவாட்ரன் லிங்கன்ஷயரில் உள்ள மெதரிங்கம் விமானத்தளத்துக்கு இடம் மாறியது. பைலட் ஃப்ரெட் மிஃப்லின், நியூஃபவுண்ட்லாந்துக்காரர்.

முப்பது முறை எதிரி நாட்டுக்குப் போய்த் திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது என்பது கணக்கு. பிறகு ஓய்வும் பயிற்சிப் பள்ளியில் வேலையும் கிடைக்கும். அந்த முப்பதை எட்டியவர்கள் மிகவும் கொஞ்சம். போர் முழுக்க, பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு. காயம்பட்டவர்களும் சிறைப்பட்டவர்களும் இதற்கு மேல். எல்லாருமே விரும்பிச் சேர்ந்தவர்கள். சராசரி வயது இருபத்திரண்டைத் தாண்டாது.

ஜாக்சனுக்கு முப்பது முடிந்துவிட்டது. இடையில் ஒருமுறை வேறு குழுவோடு பறந்திருந்ததால், தன் குழுவுக்கு ஒன்று முன்னால் முடித்துவிட்டார். மற்ற ஆறு பேருக்கும் இன்னும் ஒன்று பாக்கி. சட்டப்படி அவர் அந்த இரவே பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஏழு பேரும் சேர்ந்து தொடங்கியதைச் சேர்ந்தே முடிப்போம் என்று முப்பத்தொன்றாவது பயணத்துக்குத் தானாகப் பெயர் கொடுத்தார்.

1944 ஏப்ரல் 26. புறப்படுவதற்கு முன் தந்தி வந்தது. அல்மாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஆண் பிள்ளை. முதல் குழந்தை. திரும்பி வந்ததும் கொண்டாடுவோம் என்று நண்பர்கள் முடிவு செய்துவிட்டு விமானத்தில் ஏறினார்கள்.

இலக்கு ஷ்வைன்ஃபர்ட். ஜெர்மனியின் பால்பேரிங் தொழிற்சாலைகள் இருந்த ஊர். முந்தைய ஆண்டு அமெரிக்க விமானங்கள் பகலில் போய் அங்கே பேரிழப்புக் கண்டிருந்தன. அன்று இரவு போன இருநூற்றுச் சொச்சம் லங்காஸ்டர்களுக்கும் எதுவும் கூடிவரவில்லை. எதிர்பாராத எதிர்க்காற்று. இலக்கைக் காட்டும் விளக்குகள் இடம் தவறி விழுந்தன. வழியெல்லாம் ஜெர்மன் இரவுப் போர்விமானங்கள். 21 லங்காஸ்டர்கள் திரும்பவில்லை. அதில் ஒன்று மிஃப்லினுடையது.

கூரைக் கதவைத் திறந்து

குண்டைப் போட்டுவிட்டு விலகும்போது ஒரு ஜெர்மன் போர்விமானம் சுட்டது. ஜாக்சன் தரையில் தூக்கி எறியப்பட்டார். வலது காலிலும் தோளிலும் குண்டுச் சிதறல்கள். எழுந்து பார்த்தால், வலப்பக்க இறக்கையின் மேற்புறம் எரிகிறது. விமானத்தின் உடம்புக்கும் உள்பக்க இன்ஜினுக்கும் நடுவில், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அந்த விமானத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. லங்காஸ்டரின் ஆறு டேங்குகளில் பெரியவை அந்த உள்பக்க டேங்குகள்தான், ஒவ்வொன்றும் 580 காலன் பிடிக்கும். அதில் அப்போது எவ்வளவு மீதம் இருந்தது என்ற கணக்கும் அவர் கையில்தான் இருந்தது.

தீயை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பைலட்டிடம் அனுமதி கேட்டார். கையடக்கத் தீயணைப்புக் கருவி ஒன்றை எடுத்து, உயிர்காப்புச் சட்டையின் முன்பக்கம் செருகிக்கொண்டார். நெஞ்சில் பாராசூட் பையை மாட்டினார். பைலட்டின் தலைக்கு மேலே அவசரக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து வெளியே ஏறி, விமானத்தின் முதுகில் பின்னோக்கி ஊர்ந்துபோய், அங்கிருந்து இறக்கையில் இறங்கவேண்டும். இதுதான் திட்டம்.

விமானம் பறந்த உயரம் 20,000 அடி. வேகம் மணிக்கு 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர். கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறிய இரவு நம் டெல்டா மக்கள் கண்ட காற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பாதிதான். குளிர் பூஜ்யத்துக்கு இருபது டிகிரிக்கும் கீழே.

கதவை விட்டு முழுதாக வெளியே வருவதற்குள் பாராசூட் பை விரிந்துவிட்டது. துணியும் கயிறுகளும் உள்ளே கொட்டிக் குவிந்தன. அவர் திரும்பவில்லை. பைலட்டும் குண்டு வீசுபவரும் வழிகாட்டியும் துணியை அள்ளிச் சேர்த்து, கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, அவர் நகர நகர விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் காட்சியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எரிகிற விமானத்தில் மூன்று பேர் தங்கள் பாராசூட்டைத் தேடாமல், வெளியே ஊர்ந்துபோகும் நண்பனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதுகிலிருந்து வழுக்கி இறக்கைமேல் விழுந்தார் ஜாக்சன். இறக்கையின் முன்விளிம்பில் காற்று உள்ளே போக ஒரு வாய் உண்டு. அதைப் பற்றிக்கொண்டார். பற்று விடவில்லை, ஆனால் தீயணைப்புக் கருவி நழுவிக் காற்றோடு போயிற்று. அதற்குள் தீ வேகமாகப் பரவியது. முகம், கைகள், உடை எல்லாம் எரிந்தன. பிடி தளர்ந்தது. தீக்குள்ளாகவே இழுக்கப்பட்டு இறக்கையின் பின்விளிம்பைத் தாண்டி விழுந்தார், பாராசூட் பின்னால் இழுபட. உள்ளே கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கடைசியாகப் பார்த்தபோது, பாதி விரிந்த அந்தப் பாராசூட் பல இடங்களில் எரிந்துகொண்டிருந்தது.

தரையில் பலமாக மோதி விழுந்தார். கணுக்கால் முறிந்தது. வலது கண் தீப்புண்ணால் மூடிக்கொண்டது. கைகள் இரண்டும் ஒன்றுக்கும் உதவாத நிலை. விடிந்ததும் முழங்காலும் முழங்கையும் ஊன்றித் தவழ்ந்து பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். சிறைப்பட்டார்.

விமானத்தைக் காப்பாற்ற முடியவில்லை. எல்லாரும் குதியுங்கள் என்று மிஃப்லின் உத்தரவிட்டார். நான்கு பேர் பத்திரமாக இறங்கினார்கள். மிஃப்லினும் வால் துப்பாக்கிக்காரரும் பிழைக்கவில்லை.

இப்படி இறக்கையில் இறங்கிய முதல் ஆள் ஜாக்சன் அல்லர். 1941 ஜூலையில் நியூசிலாந்துக்காரர் ஜேம்ஸ் வார்டு ஒரு வெல்லிங்டன் விமானத்தின் இறக்கையில் இறங்கித் தீயை அடக்கிவிட்டுத் திரும்பியும் வந்தார். அவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இரண்டு மாதத்தில் வேறொரு பயணத்தில் இறந்துபோனார். வார்டுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது: வெல்லிங்டனின் மேல்தோல் துணி, உதைத்து ஓட்டை போட்டுக் காலை ஊன்றலாம். லங்காஸ்டரின் தோல் வழவழப்பான உலோகத் தகடு. தீயை அணைத்தே இருந்தாலும் ஜாக்சன் மறுபடி உள்ளே ஏறி வந்திருக்க வழியில்லை என்று அவருடைய பதக்க ஆணையே சொல்கிறது. அந்த விமானத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் அறிந்த ஃபிட்டருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

ஏன் போனீர்கள் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் மிகச் சிறியது. ஃப்ளைட் இன்ஜினீயர் என்ற முறையில் அது தன் வேலை. குழுவில் அனுபவம் அதிகம் உள்ளவரும் தான்தான். எல்லாரும் தன்னைத்தான் பார்த்தார்கள்.

அடக்கத்துக்காகச் சொன்ன பதில் இது என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையை அப்படியே சொல்லியிருக்கிறார். மிஷின் என் பொறுப்பு, மிஷினில் கோளாறு, நான்தான் போய்ப் பார்க்கவேண்டும். பட்டறையில் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

கை போன தொழிலாளி

பிள்ளை பிறந்த சேதி கணவனுக்குப் போய்ச் சேர்ந்த கையோடு அல்மா வீட்டுக்கு வந்தது, கணவன் போன விமானம் திரும்பவில்லை என்ற சேதி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஆண்டு முழுக்க அந்தப் பெண் எப்படி இருந்தார் என்று எந்தப் பதக்க ஆணையும் எழுதவில்லை.

ஜாக்சன் பத்து மாதம் ஜெர்மன் மருத்துவமனையில் கிடந்தார். உடம்பு தேறியது. கைகள் மட்டும் தேறவில்லை. பிறகு கைதிகள் முகாம். அங்கிருந்து இரண்டுமுறை தப்பிக்க முயன்றார். இரண்டாவது முயற்சியில் அமெரிக்கப் படையிடம் போய்ச் சேர்ந்து வீடு திரும்பினார்.

நடந்ததை அவர் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. போர் முடிந்து, பிழைத்த நான்கு நண்பர்களும் சிறையிலிருந்து திரும்பி வந்து அதிகாரிகளிடம் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 1945 அக்டோபர் 26-ம் தேதி அரசிதழில் விக்டோரியா கிராஸ் அறிவிப்பு வெளியானது. கயிற்றைப் பிடித்தவர்கள் உயிரோடு வந்ததால்தான் இந்தக் கதை இருக்கிறது. திரும்பாத ஆயிரக்கணக்கான விமானங்களுக்குள் நடந்தவற்றைச் சொல்ல ஆள் இல்லை.

விக்டோரியா கிராஸ் என்றால் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கம். அதோடு வருகிற உதவித்தொகை, அதிகாரி அல்லாத படைவீரருக்கு அப்போது ஆண்டுக்கு பத்து பவுண்டு. 1959-ல்தான் அதை நூறு பவுண்டு ஆக்கினார்கள். பத்து பவுண்டில் பிள்ளைகுட்டி வளர்க்க முடியாது. ஃபிட்டர் வேலைக்குக் கை வேண்டும். நூலிழை அளவு பார்த்து ராவிய விரல்களின் பிடிப்பை அந்த இறக்கையிலேயே இழந்துவிட்டு வந்தவர் அவர்.

ஹெய்க் விஸ்கி கம்பெனியின் பயண விற்பனையாளர் ஆனார். சரக்குப் பட்டியலோடு ஊர் ஊராகப் போய் வியாபாரிகளைப் பார்த்து ஆர்டர் எடுக்கும் வேலை. நம் ஊரில் மெடிக்கல் ரெப்பும் மளிகைக்கடைக்கு ஆர்டர் எடுக்க வருகிறவரும் படுகிற பாடுதான்: அலைச்சல், காத்திருப்பு, மாதக் கடைசியில் கணக்கு. கையில் பிடிப்பு இல்லாதவருக்குக் காலும் வாயும் சோறு போட்டன. அந்தச் சம்பாத்தியத்தில் அல்மாவும் அவரும் ஏழு பிள்ளைகளை வளர்த்தார்கள். ட்விக்கன்ஹாம் பக்கமே வாழ்ந்தார்கள்.

அந்த ஏழு பிள்ளைகளும் பார்த்து வளர்ந்தது தழும்பேறிய இரண்டு கைகளை. சாப்பாட்டு மேசையில் கத்தியையும் முள்ளையும் பிடித்தவை அவை. மூத்தவன் பிறந்த சேதி வந்த இரவில் எரிந்தவை. வீரத்தைப் பற்றி அப்பா பேசமாட்டார். கேட்கிறவர்களுக்கு இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். போரைக் கண்டு வந்தவர்களின் வீடுகள் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கின்றன. பிள்ளைகள் அப்பாவின் கதையைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஜாக்சன் வீட்டில் அப்பா இருந்தார், 74 வயதுவரை இருந்தார். எல்லா வீட்டுக்கும் அது கிடைக்கவில்லை. ஜான் ஹான்னா என்று ஓர் இளைஞன், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்க்காரன். செருப்புக் கடை விற்பனையாளனாக இருந்து 1939-ல் விமானப்படையில் சேர்ந்தவன். 1940 செப்டம்பர் 15 இரவு, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ஜெர்மனி சேர்த்து வைத்திருந்த படகுகள்மேல் குண்டு போடப் போன ஹாம்ப்டன் விமானத்தில் அவன் வயர்லெஸ்காரன். விமானத்துக்குள் தீ. அலுமினியத் தரை உருகி ஓடியது. இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். ஹான்னா இருந்த இரண்டு தீயணைப்புக் கருவிகளையும் தீர்த்தான், பிறகு லாக் புத்தகத்தால் அடித்தான், கடைசியில் வெறுங்கையால் அடித்து அணைத்தான். பைலட் விமானத்தை வீடு கொண்டுவந்து சேர்த்தார். விக்டோரியா கிராஸ் வாங்கும்போது ஹான்னாவுக்கு வயது 18. விமானப் போருக்காக அதைப் பெற்றவர்களிலேயே இளையவன்.

வெந்த உடம்பைக் காசநோய் பிடித்துக்கொண்டது. 1942 டிசம்பரில் முழு ஊனமுற்றோர் ஓய்வூதியத்தோடு படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மனைவி, மூன்று பெண் குழந்தைகள். ஓய்வூதியம் பற்றாமல், அத்தையின் காரை இரவல் வாங்கி டாக்சி ஓட்டினான். அதற்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1947 ஜூன் 7-ம் தேதி லெஸ்டர் பக்கத்து சானடோரியம் ஒன்றில் இறந்தான். வயது 25. பதக்கத்தைப் பிற்பாடு அவன் மனைவி அவன் பறந்துபோன ஸ்காம்ப்டன் தளத்திடமே ஒப்படைத்தார். அப்பா போனபோது அந்த மூன்று பெண்களும் சிறுபிள்ளைகள். பதினெட்டு வயதில் நாட்டுக்காகக் கைகளைத் தீயில் வைத்தவனை டாக்சி ஓட்டிப் பிழைக்கவிட்டது ஒரு பேரரசு. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

யாரும் பேச விரும்பாத படை

இவர்களை மறந்ததற்குக் காரணம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பாம்பர் கமாண்டின் குண்டுகள் தொழிற்சாலைமேல் மட்டும் விழவில்லை. ஹாம்பர்க், டிரெஸ்டன் என்று ஊர் ஊராக எரிந்தன. லட்சக்கணக்கான ஜெர்மானியப் பொதுமக்கள் இறந்தார்கள். அம்மாக்களும் குழந்தைகளும் பதுங்குகுழிகளில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். வென்ற பிறகு பிரிட்டனுக்கே அது கூச்சமாகிவிட்டது. 1945 மே 13-ம் தேதி வெற்றி உரையில் சர்ச்சில் பாம்பர் கமாண்டின் குண்டுவீச்சைப் பற்றிப் பேசாமல் தாண்டிப்போனார். அந்தப் படைக்கென்று தனிப் பதக்கம் கிடையாது. 2013-ல்தான் ரிப்பனில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பட்டை கொடுத்தார்கள். லண்டன் கிரீன் பார்க்கில் நினைவுமண்டபம் எழுந்தது 2012 ஜூன் 28-ல், போர் முடிந்து 67 ஆண்டு கழித்து. அதற்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஜாக்சன் போய்ப் பதினெட்டு ஆண்டு.

ஊர்களை எரிக்க முடிவெடுத்தவர்கள் அமைச்சரவையிலும் தலைமையகத்திலும் இருந்தார்கள். அந்த முடிவுக்கான வெட்கத்தை, இருபது வயதில் டேங்க் கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஃபிட்டர்களின் தலையில் இறக்கிவைத்தது நியாயமில்லை. இறந்த ஜெர்மன் குழந்தைக்காக அழுவதும் ஜாக்சனின் கைகளை வணங்குவதும் ஒரே மனத்தால் முடியும். எனக்கு முடிகிறது.

ஜாக்சன் 1994 மார்ச் 26-ம் தேதி இறந்தார். ட்விக்கன்ஹாம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பத்து ஆண்டு கழித்து, 2004 ஏப்ரலில், அவருடைய விக்டோரியா கிராஸ் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 2,35,250 பவுண்டுக்குப் போனது. ஆண்டுக்குப் பத்து பவுண்டு கொடுத்த பதக்கம். ஹெண்டனில் இருக்கும் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்துக்கு அதை நன்கொடையாகக் கொடுக்கவேண்டும் என்ற விருப்பம் குடும்பத்தில் இருந்தும் அது நடக்கவில்லை. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில், இவ்வளவு விலை போகிற ஒரு சிறு வெண்கலத் துண்டைப் பங்கிடுவது எவ்வளவு சிக்கல் என்று நமக்குத் தெரியும். குடும்பத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பதக்கம் இருக்கவேண்டிய இடம் ஹெண்டன்தான்.

காரணம், அங்கே ஒரு லங்காஸ்டர் நிற்கிறது. ஆர்5868 எண் கொண்ட, 137 முறை குண்டுவீச்சுக்குப் போய்த் திரும்பிய விமானம். அதன் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பைலட்டின் கண்ணாடிக் கூண்டும், அதற்குப் பின்னால் வளைந்து போகும் முதுகும், கீழே இறக்கை வந்து சேரும் இடமும் தெரியும். கூண்டின் உச்சியிலிருந்து இறக்கைவரை உள்ள அந்தச் சரிவைக் கண்ணால் அளந்து பார்த்தால் போதும், ஜாக்சன் செய்தது என்ன என்று விளங்கிவிடும். லண்டனுக்கு மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்குங்கள். நார்தர்ன் லைன் ரயிலில் ஏறி காலின்டேல் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அனுமதி இலவசம்.